வயசுக்குத் தக்க உடுப்பாம்

வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் பார்த்தேன். இன்று காலையில் இன்னொருவர் அதே படத்தில் சிவப்பு வட்டமெல்லாம் போட்டுத் திரும்பவும் பகிர்ந்திருக்கிறார். சரி, இனி எழுதாவிட்டால் எனக்குத் தலைவலிதான் வரும்.

எந்தப் படம் என்று சொல்லத் தேவையில்லை, மட்டக்களப்பில் போன் வைத்திருக்கிற எல்லோரும் பார்த்தாயிற்று. பென்சன் போன எங்கட டீச்சர் ஒருவர் தன்னுடைய பிரியாவிடைக்குச் சேலை உடுக்காமல் மஞ்சள் குர்தாவும், பலாசோ என்கிற அகலக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வந்தா. அவ்வளவுதான் நடந்தது. அதற்குக் கீழே “இந்த வயசில் இது தேவையா”, “பேரப்பிள்ளை கண்ட ஆள்”, “வயசுக்குத் தக்க உடுப்பு உடுக்கலாமே” என்று ஒரு ஊரே கூடி நின்று புத்தி சொல்கிறது. புத்தி சொன்னவர்களில் பாதிப்பேர் அவவிடம் அ, ஆ படித்தவர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உடுப்பு உடம்பில் பொருந்துகிறதா என்று பாருங்கள். வயசைப் பார்க்காதீர்கள்.

அந்தப் படத்தில் ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது, நானே சொல்கிறேன். குர்தா தொடையின் அகலமான இடத்தில் வந்து முடிகிறது. அதற்குக் கீழே பலாசோ விரியத் தொடங்குகிறது. கண் சரியாக அந்த இடத்தில் போய் நிற்கும், ஆள் இரண்டு துண்டாகத் தெரிவா. அகலமான காற்சட்டைக்கு மேற்சட்டை இடுப்பெலும்போடு நிற்க வேண்டும். இல்லையென்றால் குர்தா முழங்காலுக்குக் கீழே இறங்கி, காற்சட்டை ஒடுக்கமாக இருக்க வேண்டும். மேலே ஒரு பங்கு, கீழே இரண்டு பங்கு, அல்லது அதைத் திருப்பிப் போடுங்கள். சரிபாதியாக வெட்டினால் பதினாறு வயசுப் பிள்ளைக்கும் அது எடுபடாது. கத்தரியும் ஊசியும் இருந்தால் அரை மணித்தியால வேலை. இதைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. வயசைச் சொல்லத்தான் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஐம்பதுக்குப் பிறகு உடம்பு மாறும், அதை யார் இல்லை என்றது? மாதவிடாய் நின்ற பிறகு வயிற்றில் சதை போடும். முதுகெலும்பு அமர்ந்து உயரம் கொஞ்சம் குறையும். தோள் முன்னுக்கு வளையும். ஆனால் நாங்கள் என்ன செய்கிறோம்? பழைய அளவுச் சட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு தையல்காரியிடம் போகிறோம். எங்கட தையல் அக்கா அதை வாங்கவே மாட்டா. “அது அப்பத்தைய ஆளின்ட அளவு. இப்ப நிக்கிற ஆளை அளக்கவேணும்” என்று சொல்லிப் பிடரியில் இருந்து இடுப்புவரை முதுகை முதலில் அளப்பா. தோள் வளைந்தால் முதுகுக்குத் துணி கூடப் போகும், முன்பக்கத்துக்குக் குறையும். அதைக் கவனிக்காமல் தைத்தால் பின்கழுத்து ஆவென்று நிற்கும், முன்கழுத்து தொண்டையை நெரிக்கும். எங்களில் பலர் வருசக்கணக்காக அப்படித்தான் திரிகிறோம். கண்ணாடியைப் பார்த்து, “வயசாயிட்டு, இனி என்ன” என்கிறோம். வயசில்லை கா, சட்டை பிழை!

கடைக்குப் போனாலும் இதே கதைதான். போன மாதம் ஒரு கடையில் சேலை பார்க்கக் குந்தினேன். அந்தத் தம்பி என் முகத்தை ஒருக்கால் பார்த்துவிட்டு, சாம்பல், பிஸ்கட் நிறம், கழுவி வெளிறின ஊதா என்று அடுக்கிவிட்டான். “அன்ரி, உங்கட வயசுக்கு இதுதான் எடுப்பு.” நான் டை அடிப்பதை விட்டவள். வெள்ளை முடிக்குக் கீழே சாம்பல் நிறத்தை வைத்தால் காய்ச்சல்காரி மாதிரித்தான் இருக்கும். கழுத்துக்குக் கிட்ட வருகிற நிறம் அழுத்தமாக இருக்க வேண்டும். மேல்தட்டில் இருந்த மருதமுனைக் கைத்தறிச் சேலையை எடுக்கச் சொன்னேன். மயில்நீலம், ஒடுங்கின கரை. நான் ஐந்தடி. எட்டங்குலக் கரை போட்டால் பாதி ஆள் கரைக்குள் போய்விடும். அதே நீலத்தில் முழங்கைவரை கை வைத்துச் சட்டை தைத்தால் தோளில் இருந்து பாதம்வரை ஒரே ஓட்டமாக இறங்கும். புதிதில் கொய்யக மடிப்பு கொஞ்சம் விறைத்து நிற்கும்தான், தோய்க்கத் தோய்க்க அடங்கிவிடும். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. இருக்கட்டும்.

“சேலைதான் எங்கட பண்பாடு” என்று வருவீர்கள், தெரியும். நானும் சேலைக்காரிதான், மேலே எழுதியதை வாசியுங்கள். ஆனால் கச்சான் காற்று அனலாக அடிக்கிற நாட்களில் பொலியெஸ்டர் சேலையோடு கல்முனை பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம் செய்து பார்த்துவிட்டுப் பண்பாடு பேசுங்கள். 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை இல்லாமல் பாடசாலைக்குப் போனதும் நாடே இரண்டுபட்டது நினைவிருக்கும். கடைசியில் கல்வி அமைச்சு சேலைதான் என்றது. டீச்சர் அதற்கும் கட்டுப்பட்டு, பென்சன் போகும் நாள்வரை சேலைதான் உடுத்தா. வேலை முடிந்த பிறகும் சட்டம் போடுவீர்களா?

“பிள்ளைகள் பார்த்துக் கெட்டுப்போகும்” என்பவருக்கு என்னிடம் பதில் இல்லை.

“அக்கறையில்தான் சொன்னோம்” என்கிற ஐயாமாருக்கு மட்டும் ஒன்று. அதே பிரியாவிடைப் படத்தில் பின்வரிசையைப் பாருங்கள். பொத்தான் தெறிக்கிற சட்டையோடும், வயிற்றுக்குக் கீழே இறங்கின பெல்ட்டோடும் எத்தனை பேர் நிற்கிறார்கள்? அவர்களுக்கும் ஐம்பது தாண்டியாயிற்று. அங்கே ஏன் ஒரு வட்டத்தையும் காணோம்? அக்கறை அந்த வரிசைக்குப் போகாதோ?

“உனக்கு ஏன் இவ்வளவு சூடு” என்றும் கேட்பீர்கள். சொல்கிறேன். என் புருசன் இறந்துபோன பிறகு வந்த ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயில் தீர்த்தத்துக்குப் போயிருந்தேன். பச்சைச் சேலை, அவர் எடுத்துத் தந்தது. கூட்டத்துக்குள் வைத்து எங்கள் சொந்தக்காரி ஒருத்தி என் தலைப்பைப் பிடித்துப் பார்த்தா. நல்ல துணி என்று சொல்லப்போகிறா என்றுதான் நினைத்தேன். “இது இப்ப யாருக்குக் காட்டவோ?” என்று கேட்டா. சுற்றி நின்ற மாமி, மச்சாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சேலையை அலுமாரியை விட்டு எடுக்க எவ்வளவு காலம் போனது என்று எனக்குத்தான் தெரியும்.

டீச்சரும் புருசனை இழந்து தனித்தவதான். அது ஊருக்கே தெரியும். அத்தனை கமெண்டில் ஒருவரும் அதை எழுதவில்லை, நாகரிகமானவர்கள் பாருங்கள். வயசு வயசு என்று எழுதினார்கள். அவ ஐம்பத்தெட்டில் புருசனோடு பக்கத்தில் நின்று அதே மஞ்சளைப் போட்டிருந்தால் “செம ஜோடி” என்று இதயம் போட்டிருப்பீர்கள். இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். வெள்ளையைக் கட்டு என்று இப்போது நேரே சொல்லக் கூச்சம். அதனால் சாம்பலும் பிஸ்கட்டும் நீட்டுகிறீர்கள். குர்தா நீளம், பலாசோ அகலம் என்று நான் இங்கே விரல் நோக எழுதியதெல்லாம் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை என்று எனக்கும் விளங்குகிறது.

டீச்சரை இதில் யாரும் டேக் பண்ண வேண்டாம். அவ முகநூலையே மூடிவிட்டா.

இன்பொக்ஸில் தையல் அக்காவின் நம்பர் கேட்டவர்களுக்கு: தீபாவளிவரை அவ புது வேலை எடுக்கமாட்டா. போகிறவர்கள் அளவுச் சட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், கொண்டுபோனால் வாசலிலேயே ஏச்சு விழும்.