ஸ்கேடன் ஃபெலோஷிப்: சம்பளம் கம்பெனி பணம், வேலை வேறு இடம்

"அமெரிக்காவில் ஸ்கேடன் ஃபெலோஷிப் கிடைத்துவிட்டால் ஸ்கேடன் என்ற அந்தப் பெரிய சட்ட நிறுவனத்திலேயே வேலை உறுதி, நல்ல மார்க் இருந்தால் போதும்" என்று சட்ட மாணவர்களிடையே ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இரண்டுமே தப்பு.

ஃபெலோஷிப் என்றால் இங்கே, தேர்வாகும் இளம் வழக்கறிஞருக்கு (ஃபெலோ) குறிப்பிட்ட காலம் சம்பளம் தரும் திட்டம். 1988-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் நிறுவனம் தருவது பணம்தான், தன்னிடம் வேலை அல்ல. ஃபெலோ இரண்டு ஆண்டு வேலை பார்ப்பது ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தரும் ஒரு லாப நோக்கமற்ற அமைப்பில். வாடகை வீட்டிலிருந்து துரத்தப்படும் குடும்பம், வீட்டில் அடி வாங்கும் பெண், பள்ளி கைவிட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தை, இவர்கள்தான் கட்சிக்காரர்கள். கிரிமினல் கேஸ் கிடையாது, சிவில் மட்டும்.

மார்க் விஷயத்துக்கு வருவோம். விண்ணப்பிக்கும் முன்பே அப்படி ஓர் அமைப்பைத் தேடிப் பேசி, யாருக்கு என்ன செய்யப் போகிறோம் என்று திட்டத்தை எழுதி, அவர்களைச் சம்மதிக்க வைத்திருக்க வேண்டும் (உண்மையில் பாதி வேலை இதுதான்). அது இல்லாமல் தங்கப் பதக்கத்தோடு போனாலும் பயனில்லை. 1986-இல் உருவான ஈக்வல் ஜஸ்டிஸ் வொர்க்ஸ் அமைப்பின் ஃபெலோஷிப்பும் ஏறக்குறைய இதே மாதிரிதான், அங்கே பணம் தருபவர்கள் பலர்.

அப்புறம், முடித்தவர்களில் பெரும்பாலானோர் பொதுநலச் சட்டத் துறையிலேயே தங்கிவிடுகிறார்கள். கார்ப்பரேட் வேலைக்குக் குறுக்குவழி தேடுகிறவர் வேறு கதவைத் தட்டலாம்.