முப்பது நாள் கொடுத்தார்களாம். யாருக்கு?

“சட்டத்துல முப்பது நாள் அப்பீல் டைம் இருக்குங்க. அப்ப விட்டுட்டு இப்ப வந்து கேட்டா எப்படி?”

எங்கள் ஊர் ஆலைப் புகையைப் பற்றியும், அந்த ஆலைக்குக் கொடுத்த அனுமதியைப் பற்றியும் போன வாரம் நடந்த கூட்டத்தில் ஓர் அதிகாரி சொன்னதுதான். வீடியோ எல்லோருக்கும் வந்துவிட்டது. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பேன். சிரித்துக்கொண்டே, பொங்கல் தொகுப்பை வாங்க மறந்தவனிடம் பேசுவது போலப் பேசினார். பின்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் எங்கள் தெருக்காரர். அவர் வீட்டு மாடியிலும் அதே கரிதான் படிகிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. முப்பது நாள் எந்த நாளிலிருந்து?

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் வந்தது. அதன் 21-ஆவது பிரிவுப்படி, ஓர் ஆலை புகைபோக்கி வைத்து ஓட வேண்டுமானால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, அதாவது அனுமதி உத்தரவு, வேண்டும். விண்ணப்பம் வந்த நான்கு மாதத்துக்குள் வாரியம் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவால் பாதிக்கப்பட்டவர் யாரானாலும் 31-ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு “அவருக்குத் தெரிவிக்கப்பட்ட” நாளிலிருந்து 30 நாள். அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். தெரிவிக்கப்பட்ட. ஆலைக்கு உத்தரவு தபாலில் போகிறது, இப்போது ஆன்லைனிலும் போகிறது. எனக்கு? என் தெருவுக்கு? சட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு முறை படித்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. கல்யாணத்துக்குப் பத்திரிகையே வைக்காமல், பந்தி முடிந்த பிறகு “சாப்பிட வரலையே” என்று கேட்பதற்குப் பெயர் உபசாரமா?

சரி, நாமே தேடிப் போய் வாங்கலாமே என்பீர்கள். வாங்கினேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டேன். அந்தச் சட்டப்படி பதில் தர அவர்களுக்கு இருக்கும் அவகாசம் எவ்வளவு தெரியுமா? 30 நாள். உத்தரவு கையெழுத்தான அன்று காலையிலேயே எனக்குக் கனவில் தெரிந்து, அன்று மதியமே மனுப் போட்டிருந்தாலும், நகல் சட்டப்படி சரியான நேரத்தில் கைக்கு வரும்போது மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருக்கும். இத்தனைக்கும் எனக்குக் கனவு வரவில்லை. உத்தரவில் இருந்த தேதிக்கும் அந்தக் காகிதத்தை நான் பார்த்த தேதிக்கும் நடுவில் ஏழு மாதம்.

இன்னொரு கூத்தையும் சொல்கிறேன். அதே சட்டத்தில் 51-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. யார் யாருக்கு இசைவு கொடுத்தோம், எவ்வளவு புகை விட அளவு நிர்ணயித்தோம் என்று வாரியம் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். பாதிக்கப்படுகிறவர் யாரும் அலுவலக நேரத்தில் போய்ப் பார்க்கலாம். படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அரை நாள் லீவு போட்டுக்கொண்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். முன்மேசையில் இருந்தவர் “என்ன ரிஜிஸ்டர் சார்? தபால் ரிஜிஸ்டரா?” என்றார். விளக்கினேன். உள்ளே போய்விட்டு வந்து, “பெரியவர் ஃபீல்டுக்குப் போயிருக்கார், திங்கட்கிழமை வாங்க” என்றார். போனேன். அந்தத் திங்கட்கிழமையும் ஃபீல்டு. மூன்றாவது முறை ஒரு தம்பி ரொம்ப மரியாதையாக நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, “ஆர்.டி.ஐ. போட்டுருங்களேன் சார், எங்களுக்கும் ஈசி” என்றார். அந்தத் தம்பிமேல் எனக்கு வருத்தமே இல்லை. அப்படி ஒரு பதிவேட்டைக் கேட்டு யாரும் வந்து அவர் பார்த்ததே இல்லை.

வழக்கறிஞரான என் நண்பனிடம் புலம்பினேன். “டேய் மாப்ள, தெரிவிக்கப்பட்ட நாள்லேருந்துதானே கணக்கு? உனக்குத் தெரிவிக்கவே இல்லன்னா உன் கணக்கு தொடங்கவே இல்ல. தகுந்த காரணம் சொன்னா லேட்டா போட்டாலும் எடுத்துக்கலாம்னு அதே பிரிவுல இருக்கு” என்றான். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தகுந்த காரணத்தை நிரூபிக்க வேண்டியது யார்? நான். “புகைபோக்கி ஊர் முழுக்கத் தெரியுதே, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போச்சு” என்று எதிர்த்தரப்பு கேட்கும். வழக்கின் முதல் வருடம் புகையைப் பற்றி இருக்காது, என்னுடைய காலண்டரைப் பற்றி இருக்கும். அதுவரை புகை நிற்குமா? மேல்முறையீடு போட்டதால் மட்டும் எதுவும் நிற்காது. இடைக்காலத் தடை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அதற்கு மேல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம். சுற்றுச்சூழல் வழக்குகளுக்காக 2010 சட்டத்தில் வந்தது. அங்கேயும் 30 நாள், காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதற்குப் பிறகு கதவு சாத்தியாயிற்று. அதுவும் நேரே போக முடியாது. முதலில் மாநில மேல்முறையீட்டு ஆணையம், அதன் முடிவுக்கு எதிராகத்தான் தீர்ப்பாயம். தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை வழக்கை நினைத்துப் பாருங்கள். ஆலையைத் திறக்கலாம் என்று தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் சொன்னது. அந்த வழக்கை விசாரிக்கவே தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் அதை ரத்து செய்தது. நாட்டின் மூத்த வழக்கறிஞர்களைக் கூட்டி வைத்திருந்த கம்பெனிக்கே எந்தக் கதவைத் தட்டுவது என்பது டெல்லி வரை போன பிறகுதான் முடிவானது. மாடியில் துணி காயப்போடும் ஆளுக்கு முப்பது நாளில் தெரிந்துவிட வேண்டுமாம்.

சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டிய பெரிய திட்டங்களுக்காவது மத்திய அரசின் 2006 அறிவிக்கையில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அனுமதி கிடைத்ததை உள்ளூர் நாளிதழ்கள் இரண்டில் விளம்பரம் செய்ய வேண்டும். யாரும் படிக்காத மூலையில் எறும்பெழுத்தில் போடுகிறார்கள் என்பது வேறு விஷயம், போடவாவது போடுகிறார்கள். இசைவாணைக்கு அந்த எறும்பெழுத்தைக்கூடக் கேட்பது பேராசையா? ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒரு தாள் ஒட்ட எவ்வளவு பசை ஆகும்?

இனி, கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு.

“தொழிற்சாலை வேண்டாம், ஆனா வேலை மட்டும் வேணுமா?” முன்பே ஐந்து பேர் கேட்டாயிற்று. என் மாமா பையன் அந்த ஆலையில்தான் ஷிப்டு பார்க்கிறான். அவன் தங்கை கல்யாணம் அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது, நான்தான் மேடையில் நின்று மொய் எழுதினேன். ஆலையை மூடு என்று இதுவரை நான் எங்கேயாவது எழுதியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் போடுங்கள். உத்தரவை எனக்கும் காட்டு என்றுதான் எழுதியிருக்கிறேன். உத்தரவைக் காட்டினால் போய்விடும் வேலை என்றால், அந்த உத்தரவில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது?

“நீ மட்டும் பைக் ஓட்டலையா?” ஓட்டுகிறேன். வருடா வருடம் புகைச் சான்றிதழும் எடுக்கிறேன். அடுத்தவர்.

“ஆளாளுக்கு எப்ப வேணும்னாலும் கேஸ் போட்டா எவன் முதலீடு பண்ணுவான்?” இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். கடன் வாங்கி ஆலை கட்டியவருக்கு ஒரு நாளில் எல்லாம் முடிந்தது என்ற நிம்மதி வேண்டும்தான். இதற்கு நல்ல பதில் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்குத் தோன்றுவதெல்லாம், என் அம்மாவுக்கும் ஒரு நிம்மதி வேண்டாமா என்பதுதான். 2023-இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து, காற்றுச் சட்டத்தை மீறினால் இருந்த சிறைத் தண்டனையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டுப் பத்தாயிரம் ரூபாய் முதல் பதினைந்து லட்சம் வரை அபராதம் என்று மாற்றினார்களே, ஆலைக்காரர்கள் நிம்மதிக்காகத்தானே? என் நிம்மதிக்காக எதை மாற்றினார்கள்?

அப்புறம் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவர், போன பதிவுக்குக் கீழே “அரைகுறையா சட்டம் படிச்சிட்டு ஆடுறான்” என்று எழுதி, அதற்கு இருபத்தேழு பேர் சிரித்திருந்தார்கள். எண்ணினேன், ஆமாம். அரைகுறைதான் அப்பா. என் கைக்கு வந்த உத்தரவு பதினோரு பக்கம், முழுக்க ஆங்கிலம். அகராதி வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி படித்தேன். 2020-இல், அந்த 2006 அறிவிக்கைக்குப் பதிலாகக் கொண்டுவரவிருந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் போட்டுவிட்டு ஊரெல்லாம் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. அரைகுறையாகப் படிக்கத்தான் நமக்கு வாய்த்திருக்கிறது, முழுதாகப் படிக்க விட்டவர் யார்?

“முறைப்படி போகாம ஏன் ரோட்டுக்கு வர்றீங்க” என்றும் அந்தக் கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. வீடியோவில் சரியாகக் கேட்காது, நான் பக்கத்தில் இருந்தேன். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தவர்களுக்கு அது ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனார்கள். அந்த நூறு நாளை யாரும் முறை என்று கணக்கில் எடுக்கவில்லை. முப்பது நாள் தாண்டினால் நேரம் போய்விட்டது, நூறு நாள் உட்கார்ந்தால் சட்டம் ஒழுங்கு. நடுவில் எத்தனையாவது நாளில் வந்தால் சரியாக இருக்கும் என்று சொல்லிவிட்டால் செளகரியமாக இருக்கும்.

இவ்வளவு எழுதும் ஆள் இல்லை நான். அம்மா இந்தக் கோடையில் வடகம் போடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன வருடம் மாடியில் காயப்போட்டதை வெள்ளை வேட்டியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து, விரலால் ஒருமுறை வழித்துப் பார்த்துவிட்டுக் குப்பையில் கொட்டினார். அந்த விரலைத்தான் கூட்டத்தில் சொல்ல நினைத்தேன். அதற்குள் அந்த அதிகாரி முப்பது நாளை எடுத்துவிட்டார், எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன். 51-ஆவது பிரிவைத் தமிழில் எழுதி, ஆங்கில மூலத்தையும் கீழே சேர்த்து அச்செடுத்து வைத்திருக்கிறேன், நான்கு பிரதி. கூட வர விரும்புகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். காலை பத்து மணி, பைக்கில் பின்சீட்டு காலிதான். அந்த இருபத்தேழு பேரில் யாராவது என்றாலும் சரி.