முழங்கால் சில்லுக் கம்பி துருப்பிடிக்காது

முழங்கால் சில்லு, அதாவது முட்டியின் முன்னால் இருக்கும் வட்டமான எலும்பு, உடைந்தால் அதைச் சேர்த்துப் பிடிக்கக் கம்பி வைத்தே ஆக வேண்டும், ஒரு வருஷத்துக்குள் எடுக்காவிட்டால் உள்ளேயே துருப்பிடித்து விஷமாகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

முறிந்த துண்டுகள் விலகாமல், படுத்தபடி காலை நீட்டித் தூக்க முடிந்தால், பல பேருக்குக் காலை நேராக வைக்கும் கட்டே போதும். பொதுவாக 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தாலோ, காலை நீட்டவே முடியாவிட்டாலோதான் ஆபரேஷன் பேச்சு வரும்.

துரு விஷயத்துக்கு வருவோம். உள்ளே வைப்பது உடலுக்கென்றே தயாரிக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது டைட்டானியம், அது வீட்டு ஆணி மாதிரி துருப்பிடிக்காது. சில்லில் ரொம்ப நாளாகச் செய்வது, இரண்டு நேர்க் கம்பிகளைச் செருகி அவற்றின் மேல் எட்டு வடிவில் மெல்லிய கம்பியைச் சுற்றி முறுக்குவது. இப்போது துளையுள்ள ஸ்க்ரூ, சின்ன பிளேட், சில இடங்களில் உலோகமே இல்லாத வலுவான நூல் கூட உண்டு.

சரி, அப்புறம் ஏன் இத்தனை பேர் எடுக்கிறார்கள்? சில்லுக்கு மேலே தோலைத் தவிர பெரிதாகச் சதை கிடையாது, அதனால் கம்பி நுனி உறுத்தும், மண்டியிட்டால் வலிக்கும். அந்தத் தொல்லை இருந்தால், எலும்பு நன்றாகக் கூடிய பிறகு எடுக்கலாம். தொல்லை இல்லையென்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் கம்பி உடைவதும் இடம் நகர்வதும் நடப்பதுண்டு, எனவே டாக்டர் சொல்லும் எக்ஸ்ரேயைத் தட்டிக் கழிக்காதீர்கள். சிவந்து வீங்கினாலோ சீழ் கசிந்தாலோ அன்றே காட்டுங்கள்.