பதினேழாவது கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்

நேற்று மாலை வழக்கறிஞர் அழைத்தார். அவர் பேச்சைத் தொடங்கிய விதத்திலேயே தெரிந்துவிட்டது, என் வண்டியின் குறைக்காக வாகன நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில், ஆவணங்களைத் தரச் சொல்லி நாங்கள் போட்ட மனுவின் விசாரணை மறுபடியும் தள்ளிப்போயிற்று என்று. இது நான்காவது தடவை. அந்த நிறுவனத்தின் தரப்பு முந்தைய நாள் இரவில் 1,140 பக்கங்களை அனுப்பிவைத்திருக்கிறது. கேட்ட ஆவணங்கள் வந்துவிட்டனவே, முதலில் படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று தேதியை மாற்றிவிட்டார்கள்.

படித்தேன். விடிய விடிய உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். வண்டியோடு வந்த பயனர் கையேடு, என் வண்டியின் முன்பெட்டியில் இன்றைக்கும் கிடக்கிற அதே கையேடு, முழுவதும் இருந்தது. வாரண்ட்டிப் புத்தகம் இருந்தது. நான் அவர்களுக்கு அனுப்பிய என்னுடைய பழுதுபார்ப்புச் சீட்டுகளையே எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பாதிப் பக்கங்களில் கறுப்பு மை பூசி எழுத்தை மறைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் எந்தக் கோரிக்கைக்கான பதில் என்ற குறிப்பு எங்கும் இல்லை. கோரிக்கை எண்ணைக் குறித்துத்தான் ஆவணங்களைத் தர வேண்டும் என்று கலிஃபோர்னியாவின் சட்டம் சொல்கிறது. சொல்லி என்ன செய்ய?

நான் தேடியது கோரிக்கை எண் 17-க்கான பதிலை. அது அதில் இல்லை.

பதினேழாவது கோரிக்கை இதுதான்: இதே மாடலில், இதே ஆண்டு வண்டியில், இதே குறையைச் சொல்லி உங்களிடம் வந்த மற்றவர்களின் புகார்களைக் கொடுங்கள். அவ்வளவுதான். எத்தனை பேர் சொன்னார்கள், எப்போதிலிருந்து உங்களுக்குத் தெரியும் என்பதைத்தான் கேட்கிறேன். இரண்டு வருடங்களுக்கு மேலாக இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2021இல் புதிதாக வாங்கியது. ஏழாவது மாதம் நெடுஞ்சாலையில் நடுத்தடத்தில் போய்க்கொண்டிருந்தபோது வேகம் தானாகச் செத்தது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி இழுக்கவில்லை. பின்னால் ஒரு லாரி ஒலி எழுப்பிக்கொண்டே வந்தது. பின் இருக்கையில் என் மகள். எப்படி ஓரத்துக்கு வந்தேன் என்று இன்றும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. அதன் பிறகு ஐந்து முறை டீலரிடம் விட்டேன், மொத்தம் 41 நாள்கள். ஐந்து சீட்டிலும் ஒரே வரி: "புகாரில் சொன்ன குறையைக் காண இயலவில்லை, வண்டி வடிவமைப்பின்படி இயங்குகிறது."

மூன்றாவது முறை காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் இருந்தார். அதே மாடல். பேச்சுக் கொடுத்தேன். அவருக்கும் அதே கதை: நெடுஞ்சாலை, இழுவை போய்விடுகிறது, நிறுத்தி மறுபடி இயக்கினால் சரியாகிவிடுகிறது. எங்கள் இருவரிடமும் அன்று கவுன்டரில் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "இப்படி ஒரு புகாரை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறோம்." அரை மணி நேர இடைவெளியில் இரண்டு பேரிடம் "முதல்முறை." அன்றைக்குத்தான் வழக்குப் போடுவது என்று முடிவெடுத்தேன்.

இங்கே லெமன் சட்டம் என்று மக்கள் சொல்வது 1970இல் வந்த சாங்-பெவர்லி சட்டத்தை. நியாயமான எண்ணிக்கையில் வாய்ப்புக் கொடுத்தும் குறையைத் தீர்க்க முடியவில்லை என்றால் நிறுவனம் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும். கடமை தெரிந்தும் வேண்டுமென்றே மறுத்தார்கள் என்று நிரூபித்தால், இழப்பைப் போல் இரண்டு மடங்கு வரை கூடுதல் தண்டத் தொகையும் உண்டு. நிரூபிக்க வேண்டியவன் நான். அவர்களுக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்பதைக் காட்டும் ஒவ்வொரு காகிதமும் இருப்பதோ அவர்களுடைய அலமாரியில். அந்த அலமாரியைத் திறக்கத்தான் டிஸ்கவரி என்ற நடைமுறை இருக்கிறது. கேட்ட ஆவணங்களுக்கு 30 நாள்களில் எழுத்தில் பதில் தர வேண்டும்.

அவகாசம் கேட்டார்கள், கொடுத்தோம். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் கொடுத்தோம். பிறகு வந்த பதிலைப் பார்த்த நாள் எனக்கு மறக்காது. 40 கோரிக்கைகளுக்கும் ஒரே பத்தியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். இந்தக் கோரிக்கை தெளிவற்றது. அளவுக்கு மீறி விரிவானது. தாங்க முடியாத சுமையைத் தருவது. வணிக இரகசியத்தைத் தொடுவது. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான இரகசியக் காப்புக்கு உட்பட்டது. பிற வாடிக்கையாளரின் தனியுரிமையைப் பாதிப்பது. என் வண்டிக்கான உதிரிபாகப் பட்டியலைக் கேட்ட கோரிக்கைக்கும் இதே பதில்தான். அதில் யாருடைய தனியுரிமை இருக்கிறது?

"குறை" என்ற சொல்லே தெளிவற்றது என்று எழுதியிருந்தார்கள். பல்லாயிரம் பொறியாளர்களை வைத்துக்கொண்டு வாகனம் செய்கிறவர்களுக்கு, குறை என்றால் என்ன என்று விளங்கவில்லையாம். இதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"சுமை" என்ற வாதம் அதைவிட மோசம். வாரண்ட்டியில் ஒரு டீலர் ஒரு பாகத்தை மாற்றினால், அதற்கான பணத்தை நிறுவனத்திடமிருந்து வாங்க, வண்டி எண், தேதி, புகார், மாற்றிய பாகம் அனைத்தையும் பதிந்து அனுப்ப வேண்டும். அந்தத் தரவு முழுவதும் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. அது மட்டுமா? ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பிய்ந்து உயிர்களைப் பறித்த பிறகு 2000இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த டிரெட் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் புகார்கள், வாரண்ட்டிக் கோரிக்கைகள், மரணம், காயம் பற்றிய தகவல்களைத் தொகுத்துத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு இவர்கள் தொடர்ந்து அறிக்கை கொடுத்தாக வேண்டும். அரசாங்கத்துக்காகத் தொகுக்கும்போது வராத சுமை, பணம் கொடுத்து வாங்கியவன் கேட்டால் மட்டும் எங்கிருந்து வருகிறது?

மற்றவர்களின் வண்டிகளுக்கும் உங்கள் வழக்குக்கும் சம்பந்தமில்லை என்றும் ஒரு வாதம். 2013இல் ஃபோர்டு நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், அதே டிரான்ஸ்மிஷன் பொருத்திய பிற வண்டிகளில் இருந்த கோளாறு பற்றிய சாட்சியத்தை ஏற்றது சரியே என்று கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது. அவர்களுடைய வழக்கறிஞர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். வாதத்தில் வெல்வது அவர்கள் நோக்கமே இல்லை. நாள் ஓட வேண்டும், நான் களைத்துப் போக வேண்டும், அதுதான் நோக்கம்.

இதே நடைமுறையில் நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். அவர்கள் கேட்ட அன்றைக்கே தேடத் தொடங்கினேன். வங்கிக் கணக்கு, காப்பீட்டுத் தாள், எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு ரசீது, தொலைபேசியில் எடுத்த காணொளிகள், மனைவிக்கு அனுப்பிய குறுஞ்செய்திகள், அத்தனையும் 28 நாளில் கொடுத்தேன். டெபசிஷன் என்று, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே சத்தியம் செய்து எதிர்த்தரப்பின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல, ஐந்து மணி நேரம் உட்கார வைத்தார்கள். எந்தச் செருப்புப் போட்டு வண்டி ஓட்டுவீர்கள், ஆக்ஸிலரேட்டருக்குப் பதில் பிரேக்கை அழுத்தியிருக்கலாம் அல்லவா, தூக்கம் குறைவா, வேலையில் மன அழுத்தமா? ஒரே ஒரு எண்ணெய் ரசீது தொலைந்திருந்தது. அதைப் பற்றி மட்டும் இருபது நிமிடம். சத்தியம் செய்துவிட்டு ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னேன்.

அவர்கள் தரப்பில், இந்த விஷயத்தை நிறுவனத்தில் மிக நன்றாக அறிந்தவர் என்று ஒருவரை அனுப்ப வேண்டும். மூன்று தேதிகளை ரத்துசெய்துவிட்டு நான்காவதில் ஒருவர் வந்தார். என் வண்டியின் கோப்பை முந்தைய நாள்தான் பார்த்ததாகச் சொன்னார். மற்றப் புகார்களைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "எனக்குத் தெரியாது." வேறு யாருக்குத் தெரியும் என்றால், அதுவும் தெரியாது. மிக நன்றாக அறிந்தவர்!

என் மனைவி போன வாரம் சொன்னாள்: "போதுமே, கொடுப்பதை வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்களேன். இந்தக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கு இரத்த அழுத்தம் ஏறுவதுதான் மிச்சம்." அவள் மேல் கோபமில்லை. அவளும் அந்த வண்டியில் போனவள்தான். ஆனால் என்னால் விட முடியவில்லை. இப்படிப் பூட்டி வைத்த காகிதங்களுக்குள் என்ன இருந்தது என்பதை நான் படித்திருக்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போதே சாவி நழுவி இயந்திரம் நின்றுபோகும், காற்றுப்பை விரியாது. ஜார்ஜியாவில் மகளை இழந்த ஒரு குடும்பத்துக்காக வாதாடிய லான்ஸ் கூப்பர் என்ற வழக்கறிஞர், டிஸ்கவரியை விடாமல் நடத்தினார். பழைய சுவிட்சும் புதிய சுவிட்சும் உள்ளே வேறு வேறாக இருப்பதை அவர் தரப்பு நிபுணர் கண்டுபிடித்தார். நிறுவனம் 2006இலேயே பாகத்தை மாற்றியிருந்தது, ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறவில்லை என்று தோன்றும். 2013இல் டெபசிஷனில், சுவிட்சை வடிவமைத்த பொறியாளர், அப்படி ஒரு மாற்றத்துக்குத் தான் ஒப்புதல் தந்ததில்லை என்றார். ஒப்புதல் தந்த காகிதம் பின்னால் வெளிவந்தது. 2014இல் சுமார் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. அந்த வழக்கறிஞர் "கொடுத்தது போதும்" என்று பாதியில் எழுந்து போயிருந்தால்?

குட்இயர் டயர் கதையைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்தது. டயர் பழுதானதால் பெரிய மோட்டார் வீட்டு வண்டி கவிழ்ந்து ஒரு குடும்பம் வழக்குப் போட்டது. அந்த டயரின் உள்சோதனை முடிவுகளைக் கொடுங்கள் என்று பல வருடம் கேட்டார்கள். வரவில்லை. களைத்துப்போய் 2010இல், விசாரணை தொடங்கும் தறுவாயில் சமரசம் செய்துகொண்டார்கள். சில மாதம் கழித்து அவர்களுடைய வழக்கறிஞர் ஒரு செய்தித்தாளில் படிக்கிறார்: நெடுஞ்சாலை வேகத்தில் அந்த டயர் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று காட்டும் சோதனை முடிவுகள் வேறொரு வழக்கில் வெளிவந்திருக்கின்றன! நீதிபதி 27 லட்சம் டாலர் செலுத்தச் சொன்னார். 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மறைத்ததால் நேரடியாக விளைந்த செலவை மட்டும்தான் வாங்க முடியும் என்று அந்தத் தொகையை ரத்துசெய்து வழக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது.

கலிஃபோர்னியாவில் தண்டனை என்ன? கேட்ட ஆவணங்களுக்கு நல்லெண்ணத்தோடு பதில் தராவிட்டாலும், அவற்றைக் கேட்டுப் போட்ட மனுவின் விசாரணைக்கு முந்தைய ஏழு நாளுக்குள் கொண்டுவந்து கொட்டினாலும் 1,000 டாலர் அபராதம். 2024க்கு முன் அதுவும் 250 டாலராக இருந்தது. ஆயிரம் டாலர் என் வண்டிக்கு இரண்டு மாதத் தவணைகூட இல்லை. கோடிக்கணக்கில் புரளும் நிறுவனத்துக்கு அது என்ன உறைக்கும்? அவர்களுடைய வழக்கறிஞர்களின் இரண்டு மணி நேரக் கட்டணம் அதைவிட அதிகமாக இருக்கும். ஆனால் எனக்குக் கெடு தவறினால் மன்னிப்பே இல்லை. அவர்கள் முறையாகப் பதில் கொடுத்த 45 நாளுக்குள் மனுப் போடாவிட்டால் மேற்கொண்டு கேட்கும் உரிமையே போய்விடும். கேட்கிறவன் தலைக்கு மேல் கத்தி, மறைக்கிறவனுக்கு ஆயிரம் டாலர் சீட்டு.

சில ஆவணங்களைக் கேட்காமலேயே ஆரம்பத்தில் தந்துவிட வேண்டும் என்று புதிய சட்டம் ஒன்று வந்தது. நல்லது என்று நினைத்தேன். 2025இல் அதைத் திருத்தி, அந்த நடைமுறைக்கு உட்படுவதா வேண்டாமா என்பதை நிறுவனங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. எண் 17-ஐப் பற்றிப் பேசவே, முதலில் இரகசியக் காப்பு உத்தரவுக்குச் சம்மதிக்கச் சொன்னார்கள். சம்மதித்தேன், வேறு வழியில்லை. அப்படியென்றால் நாளைக்கு அந்தப் புகார்கள் என் கைக்கு வந்தாலும், அன்று பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவரிடம் நான் வாய் திறக்கக் கூடாது. அவர் வழக்குப் போட்டால் முதல் கோரிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். அதே 30 நாள், அதே வெட்டி ஒட்டிய பத்தி. அவர் இன்னும் அந்த வண்டியில்தான் போகிறாரா என்று சில இரவுகளில் யோசிக்கிறேன். அவருடைய தொலைபேசி எண்ணைக்கூட நான் வாங்கி வைக்கவில்லை.

என் வண்டி வாசலில் நிற்கிறது. விற்கலாம். வாங்குகிறவரின் குழந்தையும் பின் இருக்கையில்தான் உட்காரும், அதனால் விற்கவில்லை. மாதம் பிறந்தால் 560 டாலர் தவணை கட்டுகிறேன்.

புதிய தேதி அடுத்த மாதம் 18. அதற்கு முந்தைய வாரம் இன்னொரு ஆயிரம் பக்கம் வரும். வரட்டும். அதையும் உட்கார்ந்து படிப்பேன். எத்தனை பேர் உங்களிடம் சொன்னார்கள்? எப்போது சொன்னார்கள்?