சீட்டுக் கட்டுறவையை மடையர் எண்டு சொல்லாதேங்கோ

போன கிழமை திருகோணமலை உப்புவெளியில ஒரு மண்டபத்தில பெண்களுக்கு நிதி அறிவு வகுப்பு. அம்மாவை மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோய் இறக்கினவன் வாசல்ல நிண்டு கேட்டன். வங்கியில இருந்து வந்த தம்பி பலகையில சீட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினார். 20 பேர், மாசம் 5,000, வட்டி இல்லை. கடைசியா எடுக்கிறவருக்கு நட்டம். கணக்குப் பிழையில்லை. ஆனா எங்கட அம்மா எப்பவும் கேட்டு வாங்கிறது கடைசிச் சீட்டுத்தான்.

நானும் ஒரு காலம் அந்தத் தம்பி மாதிரித்தான். எங்கட குசினித் தட்டில நாலு பால்மாப் பேணி. ஒவ்வொண்டிலயும் துண்டு ஒட்டியிருக்கும்: கரண்ட் பில், ரியூசன், காளி கோயில், கண்ணாடி. ஒரு மார்கழி, வாடைக்காத்தில அப்பாவின்ர வள்ளம் இறங்கேல்ல. அம்மா சங்கிலியை அடகு வைச்சா. அப்ப கோயில் பேணிக்குள்ள 18,000 ரூபா கிடந்தது. அதை எடுத்தா வட்டி மிச்சமெல்லோ எண்டு நான் கத்த, "அது அம்மாளின்ர காசு" எண்டு மூடியை இறுக்கினா.

பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985-ல எழுதின 'மனக்கணக்கு', காசை மனசுக்குள்ள தனித்தனியாப் பிரிச்சு வைக்கிறது, இதுதான். எல்லா ரூபாவும் ஒரே ரூபா எண்டு பொருளியல் சொல்லும். மனுசர் அதுக்கு வேலி போட்டு வைப்பினம். 2017-ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. வேலி வட்டியைத் தின்னும், உண்மை. அதே வேலிதான் கையையும் தடுக்கும்.

எல்லா வேலியும் நிக்காது. கோயில் பேணியைத் தொடாத அம்மா, 'கண்ணாடி' பேணியை மாசாமாசம் காலியாக்குவா. தம்பியின்ர சப்பாத்து, பக்கத்து வீட்டு அக்காவின்ர அவசரம். தனக்கெண்டு வைச்ச காசுக்குத்தான் காவல் இல்லை. சீட்டுக் காசை மட்டும் ஆரும் கேக்க மாட்டினம். "சீட்டுக் கட்டோணும்" எண்டா அப்பாவும் வாய் திறக்கார். சீட்டு நடத்துற தாச்சியின்ர முகத்துக்குப் பயம்.

இதை நவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் எண்ட மூண்டு பொருளியலாளரும் பிலிப்பைன்ஸில ஒரு கிராமிய வங்கியோட சேர்ந்து சோதிச்சவை (கட்டுரை 2006-ல வந்தது). குறிச்ச திகதியோ தொகையோ வரும்வரை எடுக்கேலாத கணக்கு. அதுக்குக் கூடுதல் வட்டி ஒரு சதமும் இல்லை. சேர விருப்பமோ எண்டு வங்கி கேட்டுப் பார்த்த வாடிக்கையாளர்களில 28 சதவீதம் பேர் விரும்பிச் சேர்ந்தவை. சேராதவையையும் சேர்த்துப் பார்த்தாலே, ஒரு வருசத்தில அப்பிடிக் கேட்டுப் பார்த்த குழுவின்ர சராசரிச் சேமிப்பு, கேக்காம விட்ட மற்றக் குழுவைவிட 81 சதவீதப் புள்ளி கூட வளர்ந்தது. தன்ர கையைத் தானே கட்டச் சொல்லிக் கேக்கிறது மடத்தனம் எண்டா, அந்த 28 சதவீதத்தையும் என்ன சொல்லுறது?

சீட்டு புனிதம் எண்டு நான் சொல்லேல்ல. தாச்சி ஓடினா வழக்குப் போடவும் ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. 2021 மாசியில தொடங்கின சீட்டு அம்மாவுக்கு 2022 புரட்டாதியில கிடைச்சது. அந்த மாசம் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். கூரைத் தகரத்துக்கு எண்டு சேர்த்த காசு பாதிக் கூரைக்கும் காணேல்ல. அதுக்கு வங்கி வட்டியும் ஈடு குடுத்திருக்காது எண்டது வேற கதை.

எனக்குக் கோவம் வகுப்பில இல்லை, அது ஒரு பக்கப் பாடமா இருக்கிறதில. முதல்ல தாச்சிமாரைக் கூப்பிட்டு, ஏன் இந்தப் பெண்கள் உங்களிட்ட மாசம் தவறாமக் கட்டினம் எண்டு கேட்டிருக்கலாம். பூட்டி வைக்கிற கணக்கை வங்கிக்காரரே செய்து குடுத்திருக்கலாம்.

இரவு அம்மாவுக்கு அந்தப் பிலிப்பைன்ஸ் கதையைச் சொன்னன். சிலருக்கு வீட்டில வைக்கப் பூட்டுப் பெட்டியும் குடுத்தவையாம் எண்டன்.

"திறப்பு ஆரிட்ட?"

"வங்கியில."

"அப்பச் சரி" எண்டா, கண்ணாடி இல்லாமலே ஊசியில நூலைக் கோர்க்கப் பார்த்துக்கொண்டு.