பாட்டியின் கையில் இருந்த எண்

இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லரின் நாஜி ஜெர்மனி யூதர்கள் முதலானோரை அடைத்துக் கொன்ற அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர், தாத்தா பாட்டியின் கையில் இருந்த அதே எண்ணைத் தங்கள் கையிலும் பச்சை குத்திக்கொள்கிறார்கள். இஸ்ரேலில் 2012-லேயே இது செய்தியானது. அஞ்சலியா, அவமதிப்பா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. என் கருத்து இதுதான்: பிழைத்தவர் உயிரோடு இருக்கும்போதே மனதாரச் சம்மதித்தால் தாராளமாகக் குத்திக்கொள்ளட்டும். சம்மதம் சொல்லாமலே இறந்துபோயிருந்தால் அந்த எண்ணைத் தொடக்கூடாது.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம், அந்த எண் வந்த விதம். கைதிகளின் உடலில் எண்ணைப் பச்சை குத்தியது அவுஷ்விட்ஸ் முகாம் தொகுதியில் மட்டும்தான். 1941-ல் சோவியத் போர்க்கைதிகளிடம் தொடங்கினார்கள். ஊசிகளால் எண் வடிவம் அமைத்த உலோக அச்சை மார்பில் அழுத்தி, ரத்தம் கசியும் காயத்தில் மையைத் தேய்த்தார்கள். பிறகு இடது முன்கையில் ஒற்றை ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தினார்கள். குத்தும் வேலையையும் கைதிகளிடமே கொடுத்தார்கள். தலை மழிக்கப்பட்டு, உடை பறிக்கப்பட்டு நின்றவரை அதன்பின் முகாமில் பெயர் சொல்லி அழைக்கவில்லை. யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை.

போருக்குப் பிறகு சிலர் அறுவை சிகிச்சை செய்து எண்ணை நீக்கிக்கொண்டார்கள். சிலர் கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. சிலர் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் சட்டைக் கையை மடித்து, "பாருங்கள்" என்று நீட்டினார்கள். வாழ்நாள் முழுக்க ஒரு பாட்டி மறைத்துவைத்ததை, அவர் போன பிறகு பேத்தி வெளியே தெரியும்படி குத்திக்கொண்டால், அது எவ்வளவு பாசத்தோடு செய்ததானாலும், இரண்டாம் முறையும் அவரைக் கேட்காமல் செய்ததாகத்தான் ஆகும்.

நாஜிகளின் முத்திரையை விரும்பிச் சுமப்பதா என்று கொதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீக்க வழி இருந்தும் சாட்சியாக வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பச்சை குத்துவதை யூத வேதம் தடுக்கிறது, உண்மைதான். அந்தக் குடும்பங்கள் தங்களுக்குள் முடிவுசெய்யட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 13 லட்சம் பேர். பதிவு செய்து எண் கொடுக்கப்பட்டவர்கள் சுமார் 4 லட்சம். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களும் முதியவர்களும் உட்பட, ரயிலிலிருந்து இறங்கியதும் நேரே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு எண்ணே இல்லை. நாஜிகளின் மற்ற கொலை முகாம்களான திரெப்ளிங்காவிலும் சோபிபோரிலும் கொல்லப்பட்டவர்களுக்கும் இல்லை. யூதர்களுக்கு நேர்ந்த அந்தப் பேரழிவு முழுவதற்கும் எண்ணையே அடையாளமாக்கினால் இவர்களெல்லாம் நினைவிலிருந்து நழுவிவிடுவார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பங்களில் இறந்த உறவினரின் பெயரைக் குழந்தைக்கு வைக்கும் வழக்கம் உண்டு. எண் இல்லாமல் மாண்டவர்களையும் அது விட்டுவிடுவதில்லை என்பதால், எனக்கு அதுவே மேலான நினைவுச்சின்னம்.

சம்மதம் பெற்றுக் குத்திக்கொள்பவர்கள் எண்ணோடு பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. இத்தாலியின் டூரின் நகரில், அவுஷ்விட்ஸிலிருந்து பிழைத்த எழுத்தாளர் பிரீமோ லெவியின் கல்லறையில் அவர் பெயரும் 174517 என்ற முகாம் எண்ணும் சேர்ந்தே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அன்று முகாமில் சிறுவர்களாக இருந்தவர்களுக்கே இன்று எண்பது வயது கடந்துவிட்டது. கேட்க நினைக்கும் பேரப்பிள்ளைகள் தள்ளிப்போடாமல் கேட்டுவிட வேண்டும். தாத்தா பாட்டி வேண்டாம் என்றால், ஏன் என்று துருவாமல் விட்டுவிட வேண்டும்.