மறுநாளே கொண்டாட்டமா?
பிராக்சிமா சென்டாரியில் வேற்றுக்கிரகவாசிகளோடு போர் முடிந்த மறுநாளே பூமியில் வெடி வெடித்துக் கொண்டாடுவதாக நான் படித்த ஓர் அறிவியல் கதை சொல்கிறது. அது எப்படி? சூரியனை விட்டால் நமக்கு ரொம்பப் பக்கத்து நட்சத்திரம் அதுதான். ஆனாலும் ரேடியோ செய்தி வரவே 4 வருடத்துக்கு மேல் ஆகுமே! அதுவரை இங்கே படைக்கு ஆள் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், பாவம்.

சரி, அதை விடுங்கள். கதையில் அழிந்த ஊர் ஆறே மாதத்தில் பச்சைப்பசேல் என்று ஆகிவிடுகிறதே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் கடலூர்க்காரன். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த ‘தானே’ புயலில் எங்கள் முந்திரித் தோப்பு வேரோடு சாய்ந்தது. அப்பா கயிறு கட்டி நிமிர்த்திய ஒரே மரமும் பட்டுப்போனது. அப்புறம் வைத்த கன்று காய்க்கும்வரை அவர் தோப்புப் பக்கமே போகவில்லை. கதையில் அப்படி ஓர் ஆளைக்கூடக் காணோம்.